செங்கோட்டைக் கணவாய்க்கு இரு புறமும்: புதிதாகப் பெயர் பெற்ற உயிரினங்கள் எங்கே வாழ்கின்றன?

[காட்சி: புளியரை எஸ் வளைவுக்கு மேலே கோட்டைவாசல். மலையேறி வரும் லாரிகள். மேற்கிலிருந்து நகரும் மேகம்.]

வணக்கம். நாம் இப்போது நிற்கும் இடம் கோட்டைவாசல். கிழக்கே இறங்கினால் புளியரையும் செங்கோட்டையும், மேற்கே இறங்கினால் ஆரியங்காவும் தென்மலையும் வரும். கருப்பசாமி கோயிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிற ஓட்டுநர்களுக்கு இது தமிழ்நாடும் கேரளமும் பிரியும் இடம். ஆனால் இந்த எல்லைக்கு வயது அதிகமில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூரோடுதான் இருந்தது. மலைக்கு இரு புறமும் இன்றும் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குவதை இங்குள்ள தேநீர்க் கடைகளில் கேட்கலாம்.

இந்த வீடியோவில் நாம் பார்க்கப்போவது வேறொரு எல்லையை. மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கிலிருந்து தெற்காக நீண்டு வருகிறது. மாநில எல்லையும் பெரும்பாலும் அதன் முகட்டை ஒட்டியே செல்கிறது. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் இந்த மலைகளில் கண்டறியப்பட்ட பறவைகள், பாம்புகள், பல்லிகள் பலவற்றின் வாழிடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவற்றைப் பிரிக்கும் கோடு முகட்டின் மேல் செல்வதில்லை. மலையைக் குறுக்கே வெட்டி, நாம் நிற்கும் இந்தக் கணவாயின் வழியே கிழக்கு மேற்காகச் செல்கிறது.

[காட்சி: வரைபடம். மலைத்தொடரில் இரண்டு இடைவெளிகள் ஒளிர்கின்றன.]

தென்னிந்திய மலைத்தொடரில் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். அதன் அகலம் 30 முதல் 40 கிலோமீட்டர். அதற்குத் தெற்கே இருப்பது செங்கோட்டைக் கணவாய். இதன் அகலம் ஏறக்குறைய 7 அல்லது 8 கிலோமீட்டர்தான். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் அடிப்பதற்கு இந்த இடைவெளியே காரணம். அரபிக்கடலின் ஈரக்காற்று மலை தாழ்ந்திருக்கும் இந்த வழியாகக் கிழக்கே நுழைகிறது. 1904-இல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு ரயில் பாதை போட்டவர்களும் இந்தத் தாழ்வைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். காற்றுக்கும் ரயிலுக்கும் வழியாக இருக்கும் இதே பள்ளம், மலையுச்சியின் குளிர்ந்த சோலைக்காட்டை விட்டுக் கீழே இறங்காத ஒரு சிறு பறவைக்குக் கடலைப் போன்றது.

அந்தப் பறவைக்குச் சோலைக்கிளி என்று பெயர். கிளி என்பது இங்கே பச்சைக்கிளியைக் குறிக்கவில்லை. மலையாளத்தில் சிறு பறவைகளைப் பொதுவாகக் கிளி என்று அழைப்பார்கள், அந்த வழக்கே பெயரில் வந்துள்ளது. நீல நிறமுடைய, தரையோரப் புதர்களில் இரை தேடும், நெடுந்தூரம் பறக்காத பறவை இது. 19-ஆம் நூற்றாண்டு முதலே அறிவியல் இதை அறியும் என்றாலும், எந்தப் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) சேர்ப்பது என்பதில் அறிஞர்கள் பலமுறை கருத்து மாறினார்கள். 2017-இல் வி. வி. ராபினும் அவருடைய குழுவினரும் மரபணு, குரல், உடல் அளவு, நிறம் ஆகியவற்றை ஒப்பிட்டு, இவை வேறெந்தப் பேரினத்திலும் சேராத தனிப் பேரினம் என்று காட்டி, அதற்கு ‘ஷோலிகோலா’ என்று பெயரிட்டார்கள். சோலை என்ற நம் சொல்லும், வாழ்வது என்று பொருள்படும் லத்தீன் ஈறும் சேர்ந்த பெயர் அது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரிப் பக்கம் ஓர் இனம். இரண்டு கணவாய்களுக்கும் நடுவே, ஆனைமலை, பழனி, மூணாறுப் பக்கம் மற்றோர் இனம். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைத் தொகுதியில் மூன்றாவது இனம். இந்த மூன்றாவதற்கு அதுவரை தனிப்பெயரே கிடையாது. அந்த மலைத்தொகுதிக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்து வழங்கும் அசம்பு மலை என்ற பெயரைத் தழுவி அதற்கு ‘ஷோலிகோலா அசம்புவென்சிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அதே ஆய்வு, சிரிப்பொலி போலக் கத்தும் மற்றொரு பறவைக் குழுவுக்கும் ‘மான்டெசின்க்லா’ என்ற புதிய பேரினத்தை உருவாக்கியது. அதில் நான்கு இனங்கள்: வயநாட்டின் பாணாசுர மலைப் பக்கம் ஒன்று, நீலகிரியில் ஒன்று, பழனி ஆனைமலைப் பக்கம் ஒன்று, அசம்பு மலையில் ஒன்று. இவற்றை மலையாளத்தில் சிலப்பன் என்பார்கள். சிலைத்தல் என்றால் ஒலித்தல் என்று நம் பழந்தமிழிலும் பொருள் உண்டு. பறவையைப் போலவே சொல்லும் மலைக்கு இரு புறமும் இருந்திருக்கிறது.

[காட்சி: இலைகளுக்கிடையே அசையாமல் நீட்டிக்கிடக்கும் ஒரு பச்சைப் பாம்பு.]

புதிய இனம் என்று செய்தியில் படித்ததும், யாரும் இதுவரை கண்ணால் பார்க்காத ஒன்று என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது பெரும்பாலும் சரியல்ல. விலங்கியலில் ஓர் இனம் புதிதாக விவரிக்கப்பட்டது என்றால், ஒரு மாதிரி உடல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு, நெருங்கிய உறவினங்களிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பது எழுதப்பட்டு, விதிமுறைப்படி ஒரு பெயருடன் ஆய்விதழில் வெளியாகியிருக்கிறது என்பதே பொருள். நம் வேலியோரங்களில் கிடக்கும் பச்சைப் பாம்பு இதற்கு நல்ல சான்று. கண்ணைக் கொத்தும் என்று பழி சுமந்து, கண்கொத்திப் பாம்பு என்ற பெயரும் வாங்கியிருக்கும் அது யாரையும் தேடிப்போய்க் கொத்துவதில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது ‘அஹெடுல்லா நாசுட்டா’ என்ற ஒரே இனம் என்று நீண்ட காலம் கருதப்பட்டது. 2020-இல் வெளியான ஆய்வு அதைப் பல இனங்களாகப் பிரித்தது. பழைய பெயர் இப்போது இலங்கைப் பாம்புக்கு மட்டுமே உரியது. நம் சமவெளியில் காணப்படும் பாம்புக்கு, 19-ஆம் நூற்றாண்டில் வைக்கப்பட்டுப் பிறகு கைவிடப்பட்ட ‘ஆக்சிரின்கா’ என்ற பெயர் மீட்டுத் தரப்பட்டது. கணவாய்க்குத் தெற்கே உள்ள மழைக்காட்டுப் பாம்புக்குத் திருவிதாங்கூரின் பெயர் கிடைத்தது. தென்காசிச் சந்தைக்குப் போகிற வழியில் நாம் பார்க்கும் பாம்பும், மலைமேல் காட்டில் இருப்பதும் ஒன்றல்ல என்று நமக்குத் தெரியவந்து சில ஆண்டுகளே ஆகின்றன.

இதற்கு ஓராண்டு முன்னதாக, 2019-இல், அதே அகத்தியமலைக் காடுகளிலிருந்து ‘ப்ரோஅஹெடுல்லா ஆன்டிகுவா’ என்ற இன்னொரு கொடிப்பாம்பு (பச்சைப் பாம்பும் கொடிப்பாம்பு வகைதான்) விவரிக்கப்பட்டது. மற்றக் கொடிப்பாம்புகளின் வழியிலிருந்து அது ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்று மரபணு ஒப்பீடு காட்டியது. அதே 2019-இல், ஒரேயொரு இனம் மட்டுமே கொண்டதாகக் கருதப்பட்ட ‘டிராவிடோகெக்கோ’ என்ற மலைப்பல்லிப் பேரினத்தில் ஆறு புதிய இனங்கள் சேர்ந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் ‘தொல்பல்லி’. அப்படியே தமிழ்தான்.

[காட்சி: மழை. ஓடையின் பாறை மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் தலைப்பிரட்டைகள்.]

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை கணவாய் வரைந்த கோட்டுக்குக் கட்டுப்பட்டவை. அந்தக் கணக்குக்குள் அடங்காத ஓர் உயிரினத்தையும் சொல்ல வேண்டும். என் பார்வையில் இந்த மலைகளின் மிகச் சுவையான கதை அதுதான்.

2003-இல் எஸ். டி. பிஜுவும் ஃபிராங்கி பாசியூட்டும் இடுக்கி மாவட்டத்திலிருந்து ஒரு தவளையை விவரித்தார்கள். ஊதா நிறம், காற்றடைத்த பை போன்ற உடல், சிறிய தலை, பன்றியின் மூக்குபோல் கூர்ந்த முகம். அந்த மூக்கை வைத்தே ‘நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ்’ என்று பெயர். இதன் நெருங்கிய உறவினர்கள் இந்தியாவில் எங்கும் இல்லை. இந்தியப் பெருங்கடலின் நடுவே செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலப்பரப்பாக இருந்த காலத்தின் எச்சம் இது. ஆண்டில் ஏறத்தாழ முழுவதும் மண்ணுக்குள் இருந்து கறையான் தின்னும் இந்தத் தவளை, இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்கள் மட்டுமே வெளியே வருகிறது. மாவேலி என்கிற மகாபலி மன்னனைப் போல ஆண்டுக்கு ஒருமுறை பாதாளத்திலிருந்து வருவதால் கேரளத்தில் இதற்கு மாவேலித் தவளை என்றும் பெயர் உண்டு. தலைப்பிரட்டையோ உறிஞ்சும் வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு, பாய்ந்தோடும் ஓடையில் வளர்கிறது. அந்தத் தலைப்பிரட்டையை 1918-லேயே ஆய்வாளர் ஒருவர் விவரித்துவிட்டார். அது வளர்ந்து என்ன ஆகிறது என்பது மட்டும் அறிவியல் ஏடுகளில் ஏறாமல் 85 ஆண்டுகள் கழிந்தன. அதே தலைப்பிரட்டைகளை இடுக்கியில் ஓடையோர மக்கள் பிடித்து உண்டு வந்தார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சஹ்யாத்ரித் தவளை கோடைமழை தொடங்கித் தென்மேற்குப் பருவம் வலுக்கும் நாட்களில், சித்திரை வைகாசி வாக்கில், வெளியே வருகிறது. மலைக்குக் கிழக்கே அந்தப் பருவத்தில் ஓடைகளில் நீர் குறைவு. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். திருவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயத்தின் மலைச்சரிவுகளில், வடகிழக்குப் பருவமழையின்போது வெளிவந்து முட்டையிடும் ஊதாத் தவளைகள் இருப்பதும், அவை மரபணுவிலும் உருவத்திலும் வேறுபட்டவை என்பதும் ஆய்வில் தெரியவர, 2017-இல் ‘நாசிகாபட்ராகஸ் பூபதி’ என்ற இரண்டாவது இனம் பெயர் பெற்றது. 2014-இல் அகத்தியமலையில் கள ஆய்வின்போது விழுந்து உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது.

இங்கே பிரிவு வடக்கு தெற்காக இல்லை, மேற்கு கிழக்காக இருக்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் தவளைக்கு எப்போது மழை வருகிறது என்பதே பெரிய செய்தி. ஒரே மலையின் இரு சரிவுகளில் மழை வரும் மாதம் வேறாகிவிட்டால், இரு புறத் தவளைகளும் ஒன்றையொன்று சந்திக்க வழியில்லை. நம் மாநில எல்லையும் இந்த முகட்டில்தான் செல்கிறது என்பது தற்செயல். மழை மறைவை நம்மவர்கள் யோசித்து எல்லை போட்டதாகத் தெரியவில்லை.

[காட்சி: மரப்பொந்தில் தேங்கிய நீர். அதிலிருந்து எட்டிப் பார்க்கும் நீண்ட கால்கள்.]

சிறிய உயிரினங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017-இல் சோனாலி கார்க்கும் பிஜுவும் அடங்கிய குழு ஏழு புதிய இரவுத்தவளைகளை விவரித்தது. அவற்றில் நான்கு இனங்களின் நீளம் 12.2 முதல் 15.4 மில்லிமீட்டர்தான், கட்டைவிரல் நகத்தில் உட்கார்ந்துவிடும். அதே ஆண்டில், அகத்தியமலைப் பக்கத்துக் காணிப் பழங்குடி மக்கள் காட்டிக்கொடுத்த மரநண்டு ஒன்றைக் கேரளப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விவரித்தார்கள். மழைநீர் தேங்கிய மரப்பொந்துகளில் வாழும் அதன் பெயர் ‘காணி மரஞண்டு’: பேரினப் பெயர் அந்த மக்களுடையது, இனப்பெயர் அவர்கள் வழங்கிய சொல். ஞண்டு என்பதைக் கேட்டு மலையாளம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஞெண்டு நம் பழைய சொல்தான்.

இத்தகைய பரவல் வரைபடங்களைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. வரைபடத்தில் உள்ள புள்ளி, விலங்கு வாழும் இடத்தைக் காட்டுவதோடு ஆய்வாளர் போய்ப் பார்த்த இடத்தையும் காட்டுகிறது. சாலையும் தேயிலைத் தோட்டமும் வனத்துறை ஓய்வு விடுதியும் உள்ள இடங்களில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். ஒரு மலையில் புள்ளி இல்லாததால் அங்கே உயிரினம் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

[காட்சி: வெட்டுக்கல் சுவர் கொண்ட ஒரு வீட்டுக் கிணறு.]

கடைசியாக, மலையும் மழையும் தீர்மானிக்காத ஒரு பரவல். கேரளச் சமவெளியில் வெட்டுக்கல் எனப்படும் செம்பூராங்கல் படிவத்துக்குள், நிலத்தடி நீரில், கண்ணில்லாத மீன்கள் வாழ்கின்றன. ‘ஹோராக்லானிஸ்’ என்ற பேரினத்தைச் சேர்ந்த, விரல் நீளம்கூட இல்லாத இந்த இரத்தச் சிவப்புக் கெளுத்திகளில் ஒன்று 2012-இல் அப்துல் கலாமின் பெயரைப் பெற்றது. 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு மலப்புறத்தில் ஒருவர் பிடித்த வினோதமான மீனின் படம் சமூக ஊடகத்தின் வழியே ஆய்வாளர்களை எட்டியது. 2019-இல் அது ‘ஈனிக்மாசன்னா கோலம்’ ஆயிற்று, 2020-இல் அதற்கெனத் தனிக் குடும்பமே உருவாக்கப்பட்டது. 2023-இல் விவரிக்கப்பட்ட கெளுத்திக்கு ‘ஹோராக்லானிஸ் பாப்புலி’ என்று பெயர். கிணறு தூர்வாரும்போதும் தொட்டியில் நீர் ஏற்றும்போதும் அகப்பட்டதை எடுத்துக்கொடுத்த பொதுமக்களைக் குறிக்கும் சொல் அது. இந்த மீன்கள் செங்கோட்டைக் கிணறுகளிலும் இருக்குமா என்று சிலர் கேட்கக்கூடும். கணவாய்க்குக் கிழக்கே, தென்காசிப் பக்கம், நம் கிணறுகள் கடினப் பாறையில் வெட்டப்பட்டவை. இந்த மீன்கள் வாழ்வதோ துளைகள் நிறைந்த செம்பூராங்கல்லுக்குள்.