நூறு மீட்டரில் ஒரு தூக்குக்குண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ராணுவத்தில் ஆயுதப் பயிற்சி கொடுத்துவிட்டு ஓய்வுபெற்று, உசிலம்பட்டிப் பக்கம் குடியிருக்கிற ஆள் நான். டீக்கடையில் உட்கார்ந்தால் யாராவது ஒருத்தர் கேட்காமல் இருப்பதில்லை: "அந்தத் துப்பாக்கியெல்லாம் எம்புட்டு தூரம்ணே சுடும்?"

7.62 மில்லிமீட்டர் ரகத் தோட்டா மூன்று, நான்கு கிலோமீட்டர்கூடப் போய் விழும். ஆனால் போய் விழுவது வேறு, நினைத்த இடத்தில் படுவது வேறு. புதிதாக ஒரு துப்பாக்கியும், தூரத்து இலக்கைப் பெரிதாக்கிக் காட்டிக் குறிபார்க்க உதவுகிற ஸ்கோப் ஒன்றும் கைக்கு வந்தால், 600 மீட்டரில் என்ன செய்யும் என்பதை 100 மீட்டரிலேயே முக்கால்வாசி கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் பொறுமை வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் நாளே தூரத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

போன பங்குனியில், நம் பக்கத்து மலையடிவாரத்தில் சீருடைக்காரர்கள் பயன்படுத்துகிற ரேஞ்ச் ஒன்றில், அதாவது சுடும் மைதானத்தில், புதிதாக வந்த 7.62 போல்ட் துப்பாக்கியைச் சோதித்தார்கள். ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையால் போல்டை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற ரகம் அது. பழைய ஆள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பெட்டியோடு ஒரு இலக்கு அட்டை வந்திருந்தது. அதில் மூன்று ஓட்டை, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு. பையன்களுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அந்த அட்டை மேல் நம்பிக்கை கிடையாது. மூன்று ரவுண்டு தற்செயலாகக்கூட ஒட்டி விழும். பத்து ரவுண்டு போட்டால் வட்டம் விரியும். விரிந்த பிறகு இருக்கிற அளவுதான் அந்தத் துப்பாக்கியின் உண்மையான குணம்.

கணக்கு எளிது. நல்ல துப்பாக்கி 'ஒரு எம்.ஓ.ஏ.' சுடும் என்பார்கள். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக் கோணம் அது. அதாவது 100 மீட்டரில் குண்டுகள் எல்லாம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழும். அதே கோணம் 600 மீட்டரில் 18 சென்டிமீட்டர் ஆகிவிடும். காற்றே இல்லாமல், சுடுகிறவன் கை அசையாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கும்.

முதல் வேலை சுடுவது அல்ல, ஸ்கோப்பை நேராக மாட்டுவது. உள்ளே தெரிகிற கூட்டல் குறியின் நெடுங்கோடு துப்பாக்கியோடு செங்குத்தாக நிற்க வேண்டும். 600 மீட்டர் போவதற்குள் இந்த ரகக் குண்டு மூன்று மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். அந்த இறக்கத்தை ஈடுகட்டத்தான் ஸ்கோப்பின் திருகைத் திருப்புகிறோம். கோடு இரண்டே டிகிரி சாய்ந்திருந்தால் குண்டு பத்து சென்டிமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகும். சுடுகிறவன் பாவம், காற்றைத் திட்டிக்கொண்டிருப்பான். கண்ணை நம்பாமல், கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டை வாங்கி 100 மீட்டரில் கட்டித் தொங்கவிட்டோம். நூல் நேரே தொங்குகிறது. துப்பாக்கி மேல் சின்ன ரசமட்டத்தை வைத்து, ஸ்கோப்புக்குள் தெரிகிற கோட்டை அந்த நூலோடு சேர்த்து வைத்து, அப்புறம்தான் திருகாணிகளை முறுக்கினோம். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்தது ஜீரோ செய்வது, அதாவது குறிபார்த்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது. மணல் மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து, பேரலை, அதாவது துப்பாக்கிக் குழலை, ஆறவிட்டு ஆறவிட்டுச் சுட வேண்டும். குளிர்ந்த பேரலில் போகிற முதல் ரவுண்டு எங்கே படுகிறது என்பதைத் தனியாகக் குறித்துவைக்கணும். சில துப்பாக்கிகளில் அந்த முதல் ரவுண்டு மட்டும் எப்போதும் தனி வழியில் போகும்.

பையன்களுக்கு அலுப்பாக இருந்தது இதற்கடுத்த சோதனைதான். எனக்கோ அதுதான் பிடித்தது. ஆளுயரச் சார்ட் பேப்பரை 100 மீட்டரில் ஒட்டி, தூக்குக்குண்டு வைத்து நெடுக ஒரு கோடு போட்டோம். கீழே ஒரு புள்ளி. புள்ளியைக் குறிபார்த்துச் சுட்டால் புள்ளியில் படும். இப்போது ஸ்கோப்பின் மேல்திருகை 10 மில்ராடு ஏற்றிவிட்டு, அதே புள்ளியைப் பார்த்தே சுட வேண்டும். மில்ராடும் ஒரு கோண அளவுதான்; ஒரு மில்ராடு என்பது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். ஆக, குண்டுகள் சரியாக ஒரு மீட்டர் மேலே, அந்தக் கோட்டிலேயே படணும்.

டேப் வைத்து அளந்தபோது 98 சென்டிமீட்டர்தான் வந்தது. "ரெண்டு சென்டிமீட்டர்தானே சார்" என்றான் ஒருவன். 100 மீட்டரில் ரெண்டுதான். ஆனால் அது நூற்றுக்கு ரெண்டு. 600 மீட்டரில் ஆறேழு சென்டிமீட்டர் கீழே போகும். 1000 மீட்டரில் குண்டின் இறக்கமே 10 மீட்டருக்கும் மேல், அங்கே 20 சென்டிமீட்டர் தவறும். குண்டுகள் சேர்ந்து விழுகிற கூட்டம், அதாவது குரூப், என்னவோ அழகாகத்தான் விழும், ஆனால் தப்பான இடத்தில்.

ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன் தூரத்தையும் அளந்து பார்க்கச் சொன்னேன். பழைய ரேஞ்சுகள் பலவற்றில் நட்டிருக்கும் கல் கெஜக் கணக்கு. 100 கெஜம் என்பது 91 மீட்டர் சொச்சம்தான். அதை 100 மீட்டர் என்று நினைத்துச் சோதித்தால் நல்ல ஸ்கோப்பும் கெட்ட பெயர் வாங்கும். இழுத்து அளந்ததில் இங்கே தூரம் சரியாகவே இருந்தது. தப்பு ஸ்கோப்பில்தான்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். குண்டு எந்தத் தூரத்தில் எவ்வளவு இறங்கும் என்று கம்பெனி கொடுக்கிற பட்டியல் பெரும்பாலும் 15 டிகிரி வெப்பத்துக்கும் கடல்மட்டக் காற்றுக்கும் போட்டது. மதுரை மார்கழி விடியலில்கூட 15 டிகிரியைப் பார்ப்பது அரிது, பங்குனியில் கேட்கவே வேண்டாம். சூடான காற்று லேசானது, குண்டைக் குறைவாகத்தான் தடுக்கும். தோட்டாவுக்குள் இருக்கிற மருந்தும் சூடேறினால் வேகம் கூட்டும். வெயிலில் வைத்த பெட்டியிலிருந்து எடுத்த ரவுண்டும், வேப்பமர நிழலில் இருந்து எடுத்த ரவுண்டும் தூரத்தில் ஒரே உயரத்தில் படாது. அதனால்தான் வேகத்தை அளக்கிற கருவியை வைத்து, நம் வெயிலில் நம் தோட்டாவின் வேகம் என்ன என்று பார்த்துக்கொண்டு, நமக்கென்று ஒரு பட்டியல் போட வேண்டியிருக்கிறது.

காலை பத்து மணிக்கு மேல் கானல் எழும்பிவிடும். ஸ்கோப்புக்குள் இலக்கு அட்டை நெளியும், சில சமயம் இருக்கிற இடத்தைவிட உயரத்தில் தெரியும். எல்லாரும் கானலைத் திட்டுவார்கள். எனக்கு அது ஒரு வாத்தியார். ஸ்கோப்பின் ஃபோகஸை இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தால் கானல் ஓடுகிற திசை தெரியும். வலப்பக்கம் ஓடினால் காற்றும் அந்தப் பக்கம்தான். நேரே மேலே கொதித்தால் காற்று நின்றிருக்கிறது, அல்லது நம் முகத்துக்கோ முதுகுக்கோ நேராக வருகிறது. 600 மீட்டர் போக குண்டுக்கு ஏறத்தாழ ஒரு வினாடி ஆகிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகக் காற்று குறுக்கே அடித்தால் அந்த ஒரு வினாடியில் முக்கால் மீட்டர் தள்ளிவிடும். ஆடிக் காற்றில் உசிலம்பட்டிப் பொட்டலில் நின்றவர்களுக்குத் தெரியும், அது 16 கிலோமீட்டரோடு நிற்கிற காற்று அல்ல. துப்பாக்கியைச் சோதிக்க விடியற்காலை, சுடுகிறவனைச் சோதிக்க மத்தியானம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைக் கேட்கிற இளவட்டங்கள் யாரும் கண்மாய்க்கரையிலோ, கைவிட்ட கல்குவாரியிலோ போய் முயற்சி பண்ணிவிடாதீர்கள். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கருங்கல்லில் பட்ட குண்டு எந்தத் திசையில் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பயிற்சி ரேஞ்சிலிருந்து வந்த குண்டு, வீட்டில் இருந்த ஒரு சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்துபோனான். அது முறையான ரேஞ்ச், சுட்டவர்களும் பயிற்சி பெற்றவர்கள். இலக்குக்குப் பின்னால் குண்டு எங்கே போய் நிற்கும் என்பதைத்தான், எந்த ரேஞ்சுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பேன்.

ஆர்வம் இருந்தால் கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் ரைபிளில் தொடங்குங்கள். அதில் பத்துக்குப் பத்து வாங்கக் குறிபார்க்கும் புள்ளி அரை மில்லிமீட்டர்தான். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அதில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது 50 மீட்டரில். இரண்டிலும் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது, சின்னத் துளை வழியாகப் பார்த்தே சுட வேண்டும். ஸ்கோப் இருந்தால் எல்லாம் ஆகிவிடும் என்று நினைக்கிற பிள்ளைகளிடம் நான் இதைத்தான் சொல்வது.

அந்தப் பங்குனிச் சோதனை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். துப்பாக்கியில் குறை இல்லை, பத்து ரவுண்டு குரூப்பும் சொன்ன அளவுக்கு அருகிலேயே வந்தது. ஸ்கோப்பை மாற்றித் தரச் சொல்லி, அந்தச் சார்ட் பேப்பரையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். புதிய ஸ்கோப் வந்ததும் பையன்கள் நேரே 600 மீட்டருக்குத்தான் போகப் பார்ப்பார்கள். தூக்குக்குண்டை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.