மத்திய வங்கியாளர்களின் ஆசிரியர்

வணக்கம், நேயர்களே.

கல்லூரியில் பொருளியல் படித்தவர்கள் டோர்ன்புஷ்–பிஷர் பாடநூலைப் புரட்டியிருப்பார்கள். அதை எழுதிய இருவரில் ஒருவரான ஸ்டான்லி பிஷர் 2025 மே 31 அன்று காலமானார். 1943 இல் அவர் பிறந்தது இன்றைய ஜாம்பியாவின் மசாபுகா என்ற சிற்றூரில். அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்ய வந்த, பின்னாளில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரான பென் பெர்னான்கியிடம், அமெரிக்கப் பண வரலாறு பற்றி பிரீட்மனும் ஷ்வார்ட்ஸும் எழுதிய தடித்த நூலைக் கொடுத்து, இது சலிப்புத் தட்டாவிட்டால் இந்தத் துறைக்கு வரலாம் என்றாராம். சலிப்புத் தட்டவில்லை. இன்று ஜப்பான் மத்திய வங்கியை நடத்தும் கசுவோ உவேடாவும் பிஷரின் மாணவரே.

எழுபதுகளில் ஒரு வாதம் கொடிகட்டிப் பறந்தது. மக்கள் விவரமானவர்கள்; மத்திய வங்கி வட்டியையும் பணப்புழக்கத்தையும் மாற்றும் பணக்கொள்கையை முன்பே எதிர்பார்த்துவிட்டால், அது வேலைவாய்ப்பை அசைக்காது, விலையும் கூலியும் முன்கூட்டியே மாறிவிடும் என்றார்கள். 1977 இல் பிஷர் கேட்டார்: கூலி ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்தாகியிருந்தால்? நடுவில் பொருளாதாரம் ஆட்டம் கண்டாலும் கூலி அப்படியே நிற்கும். மத்திய வங்கியோ அதற்குள் பலமுறை கூடி முடிவெடுக்கலாம். அந்த இடைவெளியில் அதற்கு வேலை இருக்கிறது. மக்கள் விவரமானவர்கள் என்பதை அவர் மறுக்கவே இல்லை. ஒப்புக்கொண்டே எதிர்த்தரப்பை மடக்கினார். அவர் எழுதியவற்றுள் எனக்கு இதுவே முதலிடம்.

1994 முதல் 2001 வரை நெருக்கடியில் சிக்கிய நாடுகளுக்குக் கடன் தரும் பன்னாட்டு நாணய நிதியத்தில் (ஐ.எம்.எஃப்.) இரண்டாம் இடத்தில் இருந்தார். ஆசிய நாடுகளின் நாணயங்கள் சரிந்த நெருக்கடியில், நிதியத்தின் திட்டப்படி 1997 நவம்பர் 1 அன்று இந்தோனேசியா 16 வங்கிகளை மூடியது. அடுத்து எந்த வங்கியோ என்று அஞ்சிய மக்கள், மற்ற வங்கிகளிலிருந்தும் பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள். தன்னிடம் கடன் வாங்கிய நாடுகளில் வட்டியையும் ஏற்றச் சொன்னது நிதியம். கண்டனம் குவிந்தபோது பிஷர் நிதியத்தின் பக்கமே நின்றார். அவருடைய விளக்கங்கள் எனக்கு நிறைவளிக்கவில்லை.

2005 இல் இஸ்ரேல் மத்திய வங்கியின் தலைவரானார். இங்கே கைகட்டி நிற்கவில்லை. 2008 இல் இஸ்ரேல் நாணயமான சேக்கலின் மதிப்பு ஏறி ஏற்றுமதியாளர்கள் திணறியபோது, அந்த ஏற்றத்தைத் தணிக்க நாளொன்றுக்கு 2.5 கோடி டாலர் வாங்கினார். சில மாதங்களில் அது 10 கோடியானது. 2009 ஆகஸ்டில், பெரிய நாடுகளெல்லாம் வட்டியைத் தரையோடு வைத்திருந்தபோது, பணவீக்கம் இலக்கைத் தாண்டியதைக் கண்டு, 0.5 விழுக்காடாக இருந்த வட்டியை 0.75 ஆக்கினார்.

நன்றி, வணக்கம்.