நாற்பது நிமிடத்தை எழுதுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கையில் சமயபாட ஆசிரியர் சங்கம் ஒன்று வெளியிடும் சஞ்சிகையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அட்டையைத் திருப்பினால் ஆசிச் செய்தி, அடுத்து வாழ்த்துச் செய்தி. பிறகு தலைவர் உரை, செயலாளர் அறிக்கை, விழாப் படங்கள். 64 பக்க இதழ் என்றால் 16 பக்கம், அச்சகத்தார் கணக்கில் ஒரு முழுப் பாரம், இதற்கே போய்விடுவதுண்டு. மிச்சத்தில் நாயன்மார் வரலாறு, நற்செய்தி விளக்கம், ஸகாத்தின் சிறப்பு. நல்ல கட்டுரைகள்தாம். ஆனால் பாடநூலிலும் நூலகத்திலும் இருப்பதே மறுபடி வருகிறது. நாளைக் காலை தரம் 8 வகுப்புக்குப் போகிற ஆசிரியர் எடுத்துக்கொண்டு போக அதில் ஒன்றும் இல்லை.

இந்தச் சஞ்சிகைகளுக்கு எதிர்காலம் உண்டா? உண்டு என்றே நம்புகிறேன். ஆனால் அவை விழா மலராக இருப்பதை விட்டு வகுப்பறைக்குள் வர வேண்டும். அதற்கான வழி பாட அறிக்கை. ஒரு பாடவேளையில், அந்த நாற்பது நிமிடத்தில், என்ன நடந்தது என்று அந்த ஆசிரியரே எழுதுவது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ‘மாசில் வீணையும்’ தேவாரம் நம் பிள்ளைகள் பலருக்கு மனப்பாடம். அதில் ‘வண்டறை பொய்கை’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பறை, சமையலறை என்று தினமும் சொல்கிற பிள்ளை, வண்டு இருக்கும் அறை என்று சொல்லும். அறைதல் என்பது இங்கே ஒலித்தல் என்று அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘வீங்கிள வேனில்’ என்றதும், பெருகுதல் என்ற பொருள் தோன்றாமல், கால் வீங்குவது ஞாபகம் வரும். பாட்டு பிழையின்றி வாயில் இருக்கிறது, பொருள் வந்து சேரவில்லை.

இதைச் சரிசெய்ய ஓர் ஆசிரியர் சொற்களைப் பிரித்துக் காட்டுகிறார். பிறகு ஈசன் திருவடி நிழலுக்கு உவமையாக வரும் வீணை, மதியம், தென்றல், வேனில், பொய்கை என்று ஐந்தையும் கரும்பலகையில் எழுதி, எது எந்தப் புலனுக்கு இதம் என்று கேட்கிறார். வீணை காதுக்கு, நிலவு கண்ணுக்கு, தென்றல் உடம்புக்கு. இளவேனிலை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். வாதாட விட வேண்டும். அதன் பின்னரே, நாவுக்கரசர் இதை ஏழு நாள் நீற்றறைக்குள் அடைபட்டிருந்தபோது பாடினார் என்கிற பெரியபுராணச் செய்தி வர வேண்டும். கொதிக்கிற சுண்ணாம்புக் காளவாய்க்குள் இருந்தவர் ஏன் குளிர்ந்த பொருளாகவே தேடித் தேடிச் சொன்னார் என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள். வரலாற்றை முதலில் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி எழவே எழாது. சொற்பிரிப்புக்குப் பத்து நிமிடம் என்று திட்டமிட்டு அது இருபதைத் தின்றுவிட்டால், கடைசியில் பாட்டைப் பண்ணோடு பாட நேரம் இராது. இந்தச் சறுக்கலும் அறிக்கையில் வர வேண்டும். அடுத்த ஆசிரியருக்குப் பயன்படுவது அதுதான்.

அறிக்கை 1,200 சொல்லுக்கு மேல் வேண்டாம். தரம், மாணவர் தொகை, எத்தனை பாடவேளை என்பன தலைப்பிலேயே இருக்கட்டும். கேட்ட வினாவைச் சொல் மாறாமல் தர வேண்டும். பிள்ளைகள் எழுதிய விடைகளில் மூன்று நான்கைப் பிழையோடு அப்படியே தர வேண்டும். திருத்திப் போட்டால் அறிக்கை செத்துவிடும். பிள்ளையின் பெயரோ பாடசாலையின் பெயரோ கூடாது. சமயபாட விடையில் வீட்டுச் சங்கதிகள் வெளிவரும் என்பதால் இதில் கண்டிப்பு வேண்டும்.

இனி, யாருக்கான சஞ்சிகை என்ற கேள்வி. இலங்கைப் பாடசாலைகளில் சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் எல்லாம் தனித்தனிப் பாடங்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் பிரிந்து போகிறார்கள், ஆசிரியர்களும் பிரிந்து போகிறார்கள். பக்கத்து அறையில் ஒருவர் பைபிளின் சங்கீதத்தையும் இன்னொருவர் குர்ஆனின் ஸூராவையும் பொருள் விளங்க மனப்பாடம் செய்விக்க இதே பாடு படுகிறார் என்பது மற்றவருக்குத் தெரிவதில்லை. தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் எல்லாச் சமய ஆசிரியருக்கும் பொதுவாக ஒரே சஞ்சிகை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாசகர் பெருகுவார், செலவு பகிரப்படும். அவற்றைவிட, ஆசிரியர் ஆசிரியரோடு பேசத் தொடங்குவார்.

பொது என்றதும் சொற்களையும் பொதுவாக்கிவிடக் கூடாது. சைவர் ‘விரதம்’ என்பார், முஸ்லிம் ‘நோன்பு’ என்பார். கத்தோலிக்கர் வீட்டில் ‘ஒருசந்தி’, மற்றைய கிறிஸ்தவரிடம் ‘உபவாசம்’. கத்தோலிக்கரின் ‘திருப்பாடல்’தான் மற்றைய கிறிஸ்தவரின் ‘சங்கீதம்’. ஆசிரியர் குழு இவற்றை ஒரே சொல்லாக்கித் திருத்தினால், எழுதியவருக்கு அது தன் சொல்லாக இராது. அவரவர் சொல்லை அப்படியே விட்டு, முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதும். ஒவ்வொரு அறிக்கையையும் இருவர் பார்க்கட்டும். அதே சமயத்து ஆசிரியர் கோட்பாட்டுப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பார். வேறு சமயத்து ஆசிரியர், ‘இது எனக்கு விளங்குகிறதா’ என்று மட்டும் பார்ப்பார். மூன்று வாரத்தில் பதில் போக வேண்டும். ஆறு மாதம் காக்கவைத்தால் அந்த ஆசிரியர் மறுமுறை எழுத மாட்டார்.

இங்கிலாந்தின் அனுபவம் இங்கே உதவும். அங்கே 1961இல் ‘லேர்னிங் ஃபார் லிவிங்’ என்று தொடங்கிய இதழ், 1978இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ரிலிஜியஸ் எடியுகேஷன்’ ஆயிற்று. இன்று அது பல்கலைக்கழகத்தார் பெரிதும் மதிக்கும் ஆய்விதழ். வகுப்பறை ஆசிரியருக்கு ‘ஆர்ஈ டுடே’ என்ற வேறொரு சஞ்சிகை இருக்கிறது. இரண்டு வாசகர், இரண்டு இதழ். நம்மிடம் ஒன்றைத்தான் நடத்த இயலும் என்றால், அது வகுப்பறை ஆசிரியருடையதாக இருக்கட்டும்.

அச்சா, மின்னிதழா என்று சண்டை வேண்டாம். பெரும்பாலானோர் கைத்தொலைபேசியில்தான் வாசிக்கப்போகிறார்கள். ஏ4 தாளில் இரண்டு பத்தியாக அமைத்த பி.டி.எஃப்.ஐக் கைத்தொலைபேசியில் படிக்க, விரலால் பக்கத்தை இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுவார்கள். ஏ5 அளவு, ஒற்றைப் பத்தி, பெரிய எழுத்து. அதையே சிறு தொகையில் அச்சிட்டுப் பாடசாலை நூலகங்களுக்கு அனுப்பலாம். அச்சுக்கும் மின்னிதழுக்கும் தனித்தனி ஐ.எஸ்.எஸ்.என். எண், அதாவது தொடர் வெளியீடுகளுக்கான சர்வதேச எண், பெற வேண்டும். பிற்பாடு சஞ்சிகையின் பெயரை மாற்றினால் எண்ணும் மாறும், ஆகவே பெயரை முதலிலேயே யோசித்து வையுங்கள்.

பழைய இதழ்களையும் கைவிடக் கூடாது. யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சான கோப்புகள் கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றும்போது ‘ர்’ வர வேண்டிய இடத்தில் அரவுக் குறியும் (‘கா’வில் வரும் கால்) புள்ளியும் விழுந்துவிடுவதுண்டு. கண்ணுக்கு ‘நாவுக்கரசர்’ போலவே தெரியலாம், தேடினால் அகப்படாது. தமிழில் அரவுக்கு மேல் புள்ளி வரவே வராது. எனவே அந்த இரண்டையும் சேர்த்துத் தேடி, ‘ர்’ என்று ஒரே தடவையில் மாற்றிவிடலாம். கோப்பு இல்லாத இதழ்களை வருடி, 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கலாம்.

முதல் இதழுக்கு ஒரு பொருள் சொல்லி முடிக்கிறேன்: பசி. விரதம், நோன்பு, ஒருசந்தி, உபவாசம் பற்றி நான்கு ஆசிரியர்கள் தரம் 8இல் நடத்திய நான்கு பாடங்கள். நான்கு வகுப்பிலும் ஒரே வினா: ‘உங்கள் வீட்டில் யார் சாப்பிடாமல் இருந்தார்கள், ஏன் என்று உங்களுக்குச் சொன்னார்களா?’ விடைகள் பக்கத்துக்குப் பக்கம் எதிரெதிரே வரட்டும். வாழ்த்துச் செய்திகளுக்குக் கடைசிப் பக்கம் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.