சோதித்துப் பார்க்கச் சொன்னவர்

நேயர்களுக்கு வணக்கம். கடவுளின் அன்பைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

கிறிஸ்தவ வீடுகளுக்குப் போனால் வாசல் நிலைக்கு மேலே ஒரு வசனம் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "தேவன் அன்பாகவே இருக்கிறார்." பைபிளில் யோவான் எழுதிய முதல் நிருபம், அதாவது கடிதம்; 4-ஆம் அதிகாரம், 8-ஆம் வசனம். அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தை மாட்டியிருக்கிற வீட்டை நான் பார்த்ததே கிடையாது. அது என்ன சொல்கிறது? "நீங்கள் எல்லா ஆவிகளையும் நம்பாமல், அந்த ஆவிகள் தேவனால் உண்டானவைகளோ என்று சோதித்தறியுங்கள்." அன்பே கடவுள் என்று சொன்ன அதே மனிதர், அதே மூச்சில், கண்டதையும் நம்பாதே என்கிறார்.

நாம் என்ன செய்துவிட்டோம்? முதல் ஆறு வசனத்தை எடுத்துக்கொண்டு, யார் கள்ளப் போதகர் என்று ஒரு சாரார் சண்டை போடுகிறார்கள். ஏழாவதிலிருந்து இன்னொரு சாரார் எடுத்துக் கல்யாண வீட்டில் வாசிக்கிறார்கள். எழுதியவர் நடுவில் கோடு போடவில்லை. நான் இதையே திரும்பத் திரும்பச் சொல்வதால், எங்கள் சபையில் நான் எழுந்தாலே "ஐயா, நாலாம் அதிகாரந்தானே?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கேள்வி கேட்டால் அன்பு குறைந்துபோகும் என்று ஒரு பயம் நமக்கு. கடலூர் முதுநகரில் மீன் வாங்கப் போகிறவர் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். சிவப்பாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா? சதையை ஒரு அழுத்து அழுத்தினால் மேலே எழும்புகிறதா? நல்ல மீன் வைத்திருக்கிற அம்மா இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. "நல்லாப் பாரு கண்ணு" என்று அவரே தூக்கிக் காட்டுவார்.

2004 டிசம்பர் 26-ஐ நம் கரையில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது அதற்கு நாலு நாள் கழித்து, 30-ஆம் தேதி. மறுபடியும் அலை வரலாம் என்று ஓர் எச்சரிக்கை பரவியது. அன்றைக்கு நான் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன். "கடல் வருது!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். பாதி தின்ற தட்டுகள் அப்படியே கிடக்க, வராந்தா காலியாகிவிட்டது. மூட்டு வலிக்காரக் கிழவி ஒருத்தி மட்டும் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். வேறு தெருப் பையன் ஒருவன் பாதி வழி ஓடினவன் திரும்பி வந்து, "ஆயா, ஏறு முதுகுல" என்றான். அவள் ஏறாமல், "எவன்டா பாத்தது? பாத்தவன இட்டா" என்றாள். "தெரியாது ஆயா, ஏறு முதல்ல!" முதுகில் ஏறின பிறகும் விடவில்லை. கேட்டுக்குப் போகிறவரைக்கும், "எவன்டா பாத்தது?" என்று அவன் காதுக்குள் கத்திக்கொண்டே போனாள்.

அன்று அலை வரவில்லை. எனக்கு அந்த இருவரையும் சேர்த்தே நினைக்கத் தோன்றுகிறது. கிழவி கேட்டது சரியான கேள்வி. பையன் செய்தது சரியான காரியம். தூக்கிக்கொண்டு ஓட ஆதாரம் வேண்டாம். நம்புவதற்கு வேண்டும்.

இதற்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அதே டிசம்பர் 30, 2011. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அந்த முறை எச்சரிக்கை பொய்யில்லை. "அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாங்க" என்று சொல்லி அசையாமல் இருந்தவர்களும் உண்டு. எல்லாவற்றையும் சந்தேகப்படுவதும் சோதித்துப் பார்ப்பதும் வேறு வேறு.

யோவான் என்ன சோதனை வைக்கிறார்? இயேசு மாம்சத்தில், அதாவது மனித உடம்பில், வந்தார் என்று அந்த ஆவி அறிக்கைபண்ணுகிறதா என்று பார் என்கிறார். அந்தக் காலத்தில் சிலர், கடவுளாவது உடம்பில் வருவதாவது, அது வெறும் தோற்றம் என்று போதித்தார்கள். யோவானுக்கு அது ஆகவில்லை. கண்ணால் கண்டோம், கையால் தொட்டோம் என்றுதான் நிருபத்தையே தொடங்குகிறார். கிழவியின் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற மனிதர்! கடவுள் உடம்பெடுத்து வந்தார் என்று நம்பினால், பக்கத்து வீட்டுக்காரன் பசியும் உடம்பில்தான் இருக்கிறது. சகோதரனுக்குக் குறைச்சல் இருப்பதைக் கண்டும் மனதை அடைத்துக்கொண்டவனிடம் தேவ அன்பு எப்படி நிலைக்கும் என்று 3-ஆம் அதிகாரத்திலேயே கேட்டுவிட்டார்.

வாட்ஸ்அப்பில் வருமே, "பத்துப் பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம், அனுப்பாவிட்டால் கேடு" என்று? அதற்கும் இதே அதிகாரம் போதும், 18-ஆம் வசனம்: "அன்பிலே பயமில்லை." பயமுறுத்தி அனுப்ப வைப்பது எங்கிருந்து வந்ததென்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அழித்துவிடுங்கள்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடந்தான். பெரோயா ஊர்க்காரர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன். போகட்டும். பவுலே வந்து பிரசங்கித்தும், அது அப்படித்தானா என்று தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். பவுல் கோபித்ததாக எங்கும் இல்லை. நற்குணசாலிகள் என்றுதான் எழுதியிருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரம், 11-ஆம் வசனம். நான் சொன்னது சரிதானா என்று எடுத்துப் பாருங்கள். வணக்கம்.