ரெண்டு போர ஒண்ணா தச்ச தேர்தல்

வணக்கம் நேயர்களே. போர் நடக்கும்போது நடக்குற அமெரிக்க அதிபர் தேர்தலப் பத்தி பேசணும்னு கேட்டாங்க, நான் 2004-ஐ எடுத்துக்கிட்டேன், ஏன்னா அத பக்கத்துல இருந்து பாத்தவன் நான். முதல்லயே சொல்லிடுறேன், நடுநிலையா பேச வரல. அப்போ அதிபரா இருந்த குடியரசுக் கட்சி ஜார்ஜ் புஷ்ஷ எதிர்த்து ஜனநாயகக் கட்சில ஜான் கெர்ரி நின்னார், நான் கெர்ரி பக்கம், இப்பவும் அதே பக்கம்தான். எனக்கு ஓட்டு கிடையாது, ஹெச்-ஒன்-பி விசால ஓஹையோ மாநிலம் கொலம்பஸ்ல வேலை பாத்துட்டு இருந்தேன், ஆனா அந்த வருஷம் அந்த ஊர்ல குடியிருந்தவங்க யாரும் ஒதுங்கி இருக்க முடியாது, டிவியப் போட்டா செய்திக்கு நடுவுல விளம்பரம், மேட்ச்சுக்கு நடுவுல விளம்பரம், வீட்டு போன எடுத்தா ரெக்கார்ட் பண்ணின குரல், சாயங்காலம் கதவத் தட்டினா ஏதோ ஒரு கட்சி நோட்டீஸ்.

ஒரு கணக்கு சொல்றேன். ஓட்டுப் போட்டுட்டு வெளிய வந்தவங்ககிட்ட உங்களுக்கு எந்த விஷயம் ரொம்ப முக்கியம்னு எக்ஸிட் போல்ல கேட்டாங்க. பயங்கரவாதம்னு சொன்னவங்கள்ல 100-க்கு 86 பேர் புஷ்ஷுக்கு போட்டிருந்தாங்க. ஈராக்னு சொன்னவங்கள்ல 73 பேர் கெர்ரிக்கு. இந்த ரெண்டு நம்பர்லயும் அந்த தேர்தலே அடங்கிடுது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் ஒரு துணி, ஈராக் போர் வேற ஒரு துணி, ரெண்டையும் ஒண்ணா வச்சு தச்சுட்டாங்க, தையல் நின்ன எடத்துல புஷ் ஜெயிச்சார், தையல் பிரிஞ்ச எடத்துல கெர்ரி ஜெயிச்சார்.

அது வேற வேறன்னு தெரியாம நடந்தது இல்ல. செப்டம்பர் 11 தாக்குதல்ல ஈராக்க ஆண்ட சதாம் உசேனுக்கு பங்கு இருந்ததுக்கு ஆதாரம் இல்லன்னு 2003 செப்டம்பர்ல புஷ்ஷே சொல்லிட்டார். 2004 ஜூலைல வந்த 9/11 கமிஷன், அதாவது அந்த தாக்குதல விசாரிச்ச குழுவோட அறிக்கை, ஈராக்கும், அந்த தாக்குதல நடத்தின பின்லேடனோட அல்-கொய்தாவும் சேர்ந்து தாக்குதல் நடத்துற மாதிரி கூட்டு வேலை பண்ணினதுக்கு ஆதாரம் கிடைக்கலன்னு எழுதிச்சு. பேரழிவு ஆயுதம் இருக்குன்னு சொல்லித்தான் போருக்கே போனாங்க, அந்த ஆயுதம் அங்க இல்லன்னு தேடப் போன குழுவோட அறிக்கை தேர்தலுக்கு ஒரு மாசம் முன்னாடி அக்டோபர்ல வந்துச்சு. இவ்வளவு தெரிஞ்சப்புறமும் குடியரசுக் கட்சி மாநாட நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல, இடிஞ்ச அந்த ரெட்டைக் கோபுரம் இருந்த அதே ஊர்ல, மூணாம் வருஷ நினைவு நாளுக்கு பத்து நாள் முன்னாடி நடத்தினாங்க. எடமும் தேதியும் சும்மா அமைஞ்சதுன்னு நான் நம்பல.

முதல் டிபேட் செப்டம்பர் 30, ஃப்ளோரிடால. ஆபீஸ் பசங்க நாலஞ்சு பேர் எங்க வீட்ல உக்காந்து பாத்தோம். ஈராக் பத்தி கேள்வி வந்தப்போ புஷ், எதிரி நம்மள தாக்கினான்னு சொன்னார். உடனே கெர்ரி, நம்மள தாக்கினது சதாம் இல்ல, ஒசாமா பின்லேடன்னு சொன்னார். புஷ் முகம் சிவந்துபோய், பின்லேடன் தாக்கினான்னு எனக்குத் தெரியாதா, தெரியும்ங்கற மாதிரி பதில் சொன்னார். அந்த ஒரு நிமிஷம் தையல் எல்லாரோட கண்ணு முன்னாடியும் பிரிஞ்சுது நேயர்களே, எழுந்து நின்னு கை தட்டினேன், இன்னைக்கும் நெனச்சா உடம்பு சிலிர்க்குது. ஆனா ஒரு மாசமா தினமும் ஓடுற விளம்பரத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எவ்வளவு தாங்கும்?

துணை அதிபர் டிக் சேனி செப்டம்பர் 7-ஆம் தேதி ஐயோவால பேசினது இன்னும் மோசம். நாம தப்பான முடிவு எடுத்தா மறுபடியும் நம்மள தாக்குற ஆபத்து இருக்குன்னு மேடைல சொன்னார். அதாவது கெர்ரிக்கு ஓட்டுப் போட்டா உங்க தலைல குண்டு விழும்னு ஒரு துணை அதிபர் ஜனங்களப் பயமுறுத்தறார். அதே வாரம்தான் ஈராக்ல செத்த அமெரிக்க சிப்பாய்ங்க கணக்கு ஆயிரத்தத் தாண்டுச்சு.

இப்போ எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயத்துக்கு வரேன். கெர்ரி யேல் பல்கலைக்கழகத்துல படிச்ச வசதியான வீட்டுப் பையன், போகாம இருக்க வழி தேடியிருக்கலாம், ஆனா தானா போய் நேவில சேர்ந்து வியட்நாம்ல மீகாங் டெல்டா ஆறுகள்ல ஸ்விஃப்ட் போட்டுன்னு சொல்ற சின்ன ரோந்துப் படகுக்கு தலைவரா இருந்தவர், வீரத்துக்கான பதக்கம் ஒரு சில்வர் ஸ்டார், ஒரு ப்ரோன்ஸ் ஸ்டார், காயம்பட்டதுக்கு மூணு பர்ப்பிள் ஹார்ட். அந்த ப்ரோன்ஸ் ஸ்டார் எதுக்குன்னா, ஆத்துல விழுந்த ஜிம் ராஸ்மன்ங்கற ராணுவ வீரர குண்டு பாயும்போது கை குடுத்து படகுல தூக்கிப் போட்டதுக்கு. அந்த ராஸ்மன் குடியரசுக் கட்சிக்காரர், அவரே 2004 ஜனவரில ஐயோவாக்கு வந்து என் உசுரக் காப்பாத்தினவர் இவர்தான்னு மேடைல நின்னார். புஷ் அந்த காலத்துல டெக்சாஸ் ஏர் நேஷனல் கார்டுங்கற மாநில விமான ரிசர்வ் படைல இருந்தார், வியட்நாம் போகல. இப்படி ரெண்டு பேர் நிக்கிற தேர்தல்ல, போரே பாக்காதவர வீரர்னும் போருக்குப் போனவர பொய்யர்னும் ஆக்க முடியுமான்னு கேட்டா, முடிஞ்சுது. ஆகஸ்ட் முதல் வாரம் ஸ்விஃப்ட் போட் வெட்டரன்ஸ்ங்கற பேர்ல முன்னாள் வீரர்கள் சில பேரோட விளம்பரம், ஓஹையோ உட்பட மூணே மாநிலத்துல, பதக்கம் வாங்கினதே பொய் சொல்லித்தான்னு. கெர்ரியோட அதே படகுல இருந்தவங்கள்ல ஒருத்தரத் தவிர கிட்டத்தட்ட எல்லாரும் கெர்ரி பக்கம் நின்னாங்க, நேவி ஆவணமும் அவர் பக்கம்தான், வியட்நாம்ல கைதியா இருந்த ஜான் மெக்கெய்ன், அவர் புஷ் கட்சிக்காரர், இது நேர்மையில்லாத விளம்பரம்னு வெளிப்படையா சொன்னார். ஆனாலும் அந்த மாதக் கடைசில மாநாட்டுக்கு வந்த சில பேர் பர்ப்பிள் ஹார்ட் படம் போட்ட பேண்டெய்ட ஒட்டிக்கிட்டு வந்து சிரிச்சாங்க. சிப்பாய மதிக்கிறோம்னு மூச்சுக்கு முந்நூறு தடவ சொல்ற கட்சி, காயத்த வச்சு கேலி பண்ணுது. எங்க ஆபீஸ்ல வேலை பாத்த ஒருத்தரோட பையன் அப்போ ஈராக்ல இருந்தான், அவர் புஷ் ஆதரவாளர், அந்த பேண்டெய்ட் படத்தப் பாத்துட்டு அவரே ஒரு நாள் முழுக்க யார்கூடயும் பேசல.

கெர்ரி மேல தப்பே இல்லன்னு சொல்ல வரல, நம்ம ஆளு தப்ப நாமதான் கண்டிப்பா சொல்லணும். 2002 அக்டோபர்ல செனட்ல 77-க்கு 23-னு போருக்கு அனுமதி குடுத்தப்போ அந்த 77-ல அவர் ஒருத்தர். ஆயுதம் இல்லன்னு தெரிஞ்சிருந்தாலும் அந்த அனுமதி ஓட்ட போட்டிருப்பேன்னு ஆகஸ்ட்ல சொன்னார், அன்னைக்கு எனக்கு சோறே எறங்கல, ஏன்னா பிரிக்க வேண்டிய தையலுக்கு அவரே ஒரு முடிச்சு போட்டுட்டார். 8,700 கோடி டாலர் போர்ச் செலவு மசோதா விஷயமும் அப்படித்தான், பணக்காரங்களுக்கு குடுத்த வரிச் சலுகைய எடுத்து அந்த பணத்த கட்டுங்கன்னு ஒரு திருத்தம், அதுக்கு ஆதரவா போட்டார், கடன் வாங்கி கட்டுற மசோதாவுக்கு எதிரா போட்டார், சரியான நிலைப்பாடுதான், ஆனா அத எதிர்த்து ஓட்டு போடறதுக்கு முன்னாடி ஆதரிச்சு போட்டேன்னு வாய் குழறி சொல்லி விளம்பரக்காரங்க கைல குடுத்துட்டார். ஸ்விஃப்ட் போட் பொய்க்கு நேரடியா பதில் சொல்ல ரெண்டு வாரம் எடுத்துக்கிட்டார். ரெண்டு வாரம்!

போர் நடுவுல அதிபர மாத்தக்கூடாதுங்கற பேச்சு புதுசு இல்ல, 1864-ல உள்நாட்டுப் போர் நடுவுல லிங்கனே ஆத்தக் கடக்கும்போது குதிரைய மாத்தாதீங்கன்னு ஒரு விவசாயி சொன்னதா சொல்லியிருக்கார். ஆனா அந்த வருஷம் லிங்கன் எது போர், எதுக்காகப் போர்னு மறைக்கல, அடிமை ஒழிப்பு திட்டத்த கட்சி அறிக்கைலயே போட்டு நின்னார். அந்த வித்தியாசத்த எனக்கு விட முடியல.

நவம்பர் 2, கொலம்பஸ்ல நல்ல மழை. எங்க கீழ் வீட்டுல இருந்த கறுப்பின அம்மா, எழுபது வயசுக்கு மேல, அவங்கள நான்தான் கார்ல கூட்டிட்டு போனேன். ஓட்டு மெஷின் கம்மி, வரிசை ரோடு வரைக்கும், நான் குடைய பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நின்னேன், வீட்டுக்குப் போயிட்டு கூட்டம் குறைஞ்சதும் வரலாம்மான்னு கேட்டேன், நீ போப்பா, நான் இதுக்காக பொறந்ததுல இருந்து நின்னுட்டு இருக்கேன்னு சொன்னாங்க. மூணரை மணி நேரம். அதே மாநிலத்துல கேம்பியர்ங்கற சின்ன ஊர்ல காலேஜ் பசங்களுக்கு ரெண்டே மெஷின், கடைசி ஆள் ஓட்டுப் போட்டப்போ மறுநாள் விடிகாலை ஆயிடுச்சு.

ஓஹையோல வித்தியாசம் 1,18,000 சொச்சம் ஓட்டு, அந்த மாநிலத்தோட 20 எலெக்டர்ஸ், அதாவது அதிபரத் தேர்ந்தெடுக்குற பிரதிநிதிங்க, இந்தப் பக்கம் வந்திருந்தா கெர்ரி அதிபர். 3-ஆம் தேதி அவர் புஷ்ஷுக்கு போன் பண்ணி தோல்விய ஒத்துக்கிட்டார். அதுக்கு நாலஞ்சு நாள் கழிச்சு ஈராக்ல ஃபலூஜா நகரம் மேல அமெரிக்காவோட பெரிய தாக்குதல் ஆரம்பிச்சுது, அந்த நவம்பர்ல மட்டும் 130 அமெரிக்க சிப்பாய்ங்களுக்கு மேல செத்தாங்க, அந்தப் போர்லயே அவங்களுக்கு அதிக சாவு விழுந்த மாசம் அதுதான், ஈராக்காரங்க செத்தத அந்த டிவில யாரும் எண்ணிக்கூட சொல்லல. கீழ் வீட்டு அம்மா ஜன்னல்ல ஒட்டியிருந்த கெர்ரி ஸ்டிக்கர கிறிஸ்துமஸ் வரைக்கும் எடுக்கவே இல்ல.