முதல் ஏழு நாள்ல முடிவாகிற ஆட்டம்

வணக்கம் நேயர்களே. இப்ப தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில கட்டிக்கெடக்கு, பள்ளிக்கூடமும் லீவு, அதனால பாம்பன் மண்டபம் பக்கம் பாதி வீட்டுல ஏதாச்சும் ஒரு கேம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். நான் பேச வந்தது டப்பு டப்புன்னு சுடுற கேம் இல்ல. நம்ம முறை வந்தா நாம நகத்தணும், அடுத்தவன் முறைன்னா சும்மா உக்காந்திருக்கணும், பூதம், மந்திரவாதி, டிராகன் எல்லாம் வரும்ல, அந்த டர்ன் பேஸ்டு கேம். குறிப்பா ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக், மூணாவது பாகம். 1999ல வந்தது, இன்னைக்கும் உலகம் பூரா ஆடுறாங்க. பழைய கம்ப்யூட்டர்லயே ஓடும், அதுலயும் ஒரே கம்ப்யூட்டர்ல நாலு பேரு மாத்தி மாத்தி உக்காந்து ஆடலாம், ஹாட் சீட்டும்பாங்க. ஒரு முறை முடிஞ்சதும் சேவ் பண்ணிருங்க, நம்ம ஊரு கரண்டை நம்பாதீங்க.

ஆடாதவங்களுக்கு ரெண்டு வரியில சொல்லிர்றேன். உங்க கையில ஒரு டவுன் இருக்கும், படையை கூட்டிக்கிட்டு மேப்புல நடக்குற தளபதி ஒருத்தன் இருப்பான், அவன்தான் ஹீரோ. எவ்வளவு காசு இருந்தாலும் ஒரு டவுன்ல ஒரு நாளைக்கு ஒரு கட்டடம்தான். ஏழு நாள் ஒரு வாரம், வாரம் பொறந்தாத்தான் புது சிப்பாய்ங்க வருவாங்க. அவ்வளவுதான்.

என்னைய பாக்குற பயலுக எல்லாம் கேக்குறது ஒரே கேள்வி, "அண்ணே, எந்த டவுன் எடுக்கலாம்?" மொத்தம் எட்டு இருக்கு, அப்புறம் வந்த எக்ஸ்பான்ஷன்ல, அதான் கேமோட கூடுதல் பகுதியில, ஒண்ணு, ஆக ஒன்பது. எல்லாரும் என்ன பண்றாங்கன்னா கடைசியா வர்ற பெரிய ஆளோட உருவத்தை பாத்து எடுக்குறாங்க, ஏஞ்சல் இருக்கா, டிராகன் இருக்கா, பெரிய ரெக்கை இருக்கான்னு. நான் திரும்பத் திரும்ப சொல்றது, கடைசியை பாக்காதீங்க, முதல் வாரத்தை பாருங்க. ஏழு நாளுக்குள்ள உங்க டவுன் என்ன குடுக்கும், அதுக்கு என்ன செலவாகும், அதை பாத்து எடுங்க. கேஸில் டவுன் நம்ம விசைப்படகு மாதிரி, டீசல், ஐஸு, ஆளுன்னு எல்லாத்துக்கும் காசு போட்டாத்தான் கிளம்பும். ஸ்ட்ராங்ஹோல்ட் வள்ளம், தள்ளிவிட்டா போயிரும்.

இதுல ஒரு கதை இருக்கு, சொல்லியே ஆகணும். எங்க செட்டுல கீழக்கரை மாப்ள ஒருத்தன், வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வந்தா வேற எதையும் தொடமாட்டான், கேஸில்தான், ஏஞ்சல்தான். எதிர்ல தங்கச்சிமடத்து தம்பி, அவனுக்கு ஸ்ட்ராங்ஹோல்ட், கிராக் ஹாக்னு ஒரு முரட்டு ஹீரோ. மாப்ள என்ன பண்றான், காசை தொடாம வச்சிருக்கான். ஏஞ்சல் கட்டடத்துக்கு மட்டும் 20,000 தங்கம், அது போக பாதரசம், கந்தகம், படிகம், ரத்தினம் ஒவ்வொண்ணுலயும் 10. நார்மல் லெவல்ல ஆட்டம் தொடங்கும்போது கையில இருக்குற மொத்த தங்கமே 20,000தான், கணக்கு புரியுதுங்களா? அதுக்கு முன்னாடி மடாலம் கட்டணும், அதுக்கு முன்னாடி இன்னும் எதெதுவோ. "சுவரை கொஞ்சம் பலப்படுத்துடா"ங்குறோம், "ஏஞ்சல் வரட்டும் மாப்ள, அப்புறம் பேசுவோம்"ங்குறான். அந்தப் பக்கம் தம்பி முதல் நாளே ரெண்டாவது ஹீரோவை எடுத்துட்டான், 2,500 தங்கம், மர மில்லு, கல்லு சுரங்கம் ரெண்டையும் புடிச்சிட்டான், இருக்குற காசுக்கெல்லாம் காப்ளின், ஓநாய்க்காரன்னு அள்ளிப் போட்டுட்டான். ஓநாய்க்காரன் ஒருத்தன் வெறும் 100 தங்கம். ரெண்டாவது வாரம் பாதிகூட போகல, தம்பி படையோட மாப்ள கோட்டை வாசல்ல வந்து நிக்கிறான்! கோட்டையில அகழி இல்ல, அம்பு விடுற கோபுரம் இல்ல, வெறும் சுவர். கல்லெறியுற மெஷின் ரெண்டு கல்லு போட்டுச்சு, சுவர் விழுந்துச்சு, ஓநாய் பூரா உள்ள. மாப்ள மௌஸை வச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டான். ஏஞ்சலை அன்னைக்கு யாரும் கண்ணால பாக்கல.

அப்ப கேஸில் எடுக்கவே கூடாதான்னா, எடுங்க, ஆனா வரிசை தெரிஞ்சு கட்டுங்க. ஆரம்பத்துல டவுன் ஒரு நாளைக்கு 500 தங்கம்தான் தரும். முதல் நாள் டவுன் ஹால் கட்டினா 1,000, செலவு 2,500. அப்புறம் கொல்லன் பட்டறை, சந்தை, மேஜிக் கில்டு, இந்த மூணும் இருந்தாத்தான் அஞ்சாம் நாள் சிட்டி ஹால், அது 5,000 செலவு, வரவு 2,000 ஆயிரும். கணக்கு போட்டு பாருங்க, ரெண்டுமே அஞ்சே நாள்ல போட்ட காசை எடுத்துரும். ஆறாம் நாள் சிட்டாடல், அதான் கோட்டையோட அடுத்த லெவல், ஏழாம் நாள் கோட்டையோட கடைசி லெவல். சிட்டாடல் வந்தா வாராவாரம் சேர்ற ஆளு ஒன்றரை மடங்கு, கடைசி லெவல் வந்தா ரெண்டு மடங்கு. அது ஏழாம் நாளே முடியணும், எட்டாம் நாள் கட்டினீங்கன்னா அந்த வாரத்து ஆளு போச்சு, அடுத்த வாரம்தான். எதிரி பக்கத்துலயே இருக்குற சின்ன மேப்புன்னா இந்த வரிசை செல்லாது, அங்க சிட்டி ஹாலை தள்ளிவச்சுட்டு ஆளை எடுங்க, இல்லன்னா மாப்ள கதைதான்.

ரெண்டாவது ஹீரோன்னு சொன்னேன்ல, அதை விடமாட்டேன். பலபேரு அதை தண்டச்செலவும்பாங்க. ஒருத்தன் நாள் பூரா நடந்து ஓஞ்சு நிக்கிறான், முன்னாடி இன்னொருத்தன் நடக்காம காத்திருக்கான், படையை அவன் கையில மாத்திவிட்டா அதே நாள்ல அது இன்னும் அவ்வளவு தூரம் போகும். எதிரி இன்னும் ரெண்டு நாள் ஆகும்னு நெனச்சிட்டிருப்பான், நீங்க வாசல்ல நிப்பீங்க. இன்னொண்ணு, ஹீரோ ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பான்ங்கிறது அன்னைக்கு காலையில அவன் படையில இருக்குற ரொம்ப மெதுவான ஆளை பொறுத்தது. ஒரே ஒரு குள்ளனை கூட கூட்டிக்கிட்டு அலைஞ்சீங்கன்னா மொத்த படையும் ஊர்ந்துதான் போகும். ராத்திரியே அவனை ரெண்டாவது ஹீரோகிட்ட தள்ளிவிட்டுருங்க.

நெக்ரோபோலிஸ்னு ஒரு டவுன் இருக்கு, அது பத்தி ஒரு வார்த்தை. செத்த எதிரியில ஒரு பங்கு எலும்புக்கூடா எந்திரிச்சு உங்க படையில சேரும், ஒவ்வொரு சண்டைக்கும் கூட்டம் ஏறிக்கிட்டே போகும். ஜெயிக்கிறது சுலபம், ஆனா புதுசா கத்துக்கிற பயலுக்கு நான் குடுக்கமாட்டேன், காசு கணக்கே தெரியாம வளந்துருவான்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்குற தம்பி கையை காட்டுறாரு, ரெண்டு நிமிஷமாம். கடல் மேப்பு பத்தித்தான் பெருசா பேசணும்னு வந்தேன், நம்ம ஊர்ல அதை விட்டுட்டு போனா அடிப்பீங்க. வேகமா சொல்லிர்றேன். படகு கட்ட 1,000 தங்கம், 10 மரம், அதனால தீவு மேப்புல மர மில்லை முதல்ல புடிங்க. படகுல ஏறினா அன்னைக்கு நடை முடிஞ்சிரும், எறங்கினாலும் அப்படித்தான், அதனால பொழுது சாயப்போற நேரத்துல ஏறுங்க, விடிஞ்சதும் ஏறினா ஒரு நாள் வீண். அப்புறம் காசு குடுத்து வாங்க முடியாதவங்களுக்கு பேட்டில் ஃபார் வெஸ்நாத்துன்னு ஒண்ணு இருக்கு, 2003ல இருந்து வருது, இலவசம். அதுல கடல்கன்னி ஜாதி படை உண்டு, தண்ணியில நின்னா அவங்களை அடிக்கிறது கஷ்டம். கூடவே பகல்ல பலம் ஏறுற ஆளு, ராத்திரியில பலம் ஏறுற ஆளுன்னு… சரி, சரி, நிறுத்திட்டேன். வணக்கம்.