தோப்புக்குத் தண்ணீர் யார் விடுவது?

(திருப்பூரில் புதிதாகத் தொழில் தொடங்குவோர் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே, மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர் அம்மா அவர்களே, என்னுடைய கடன் மனுவை ஒரு காலத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டு இன்று எனக்குப் பொன்னாடை போர்த்திய வங்கி மேலாளர் ஐயா அவர்களே (வருத்தமில்லைங்க, மூன்றாவது முறை கொடுத்தீர்கள்), வரவேற்ற தங்கச்சி, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

‘தொழிலுக்கு ஆள் பழக்கம்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். யாரைப் பழக வேண்டும், எங்கே பழக வேண்டும், எப்படிப் பழக வேண்டும் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன். எங்கள் அப்பத்தா ஒரே வரியில் முடித்துவிடுவார்: தனிமரம் தோப்பாகாது.

யாரை? நம்ம ஊரில் ஒரு பனியன் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் ஒருத்தர் போனை எடுக்காவிட்டாலும் சரக்கு நின்றுவிடும். ஆகவே எல்லோரையும்தான்.

எங்கே? 1998-ல் வாடகை ஷெட்டில் நாலு மெஷின் போட்டு ஜாப் வொர்க், அதாவது அடுத்த கம்பெனிச் சரக்கைக் கூலிக்குத் தைப்பது, ஆரம்பித்தேன். மூவாயிரம் பீஸ், காலையில் டெலிவரி. ராத்திரி பத்து மணிக்கு ஓவர்லாக் தையல் மெஷினில் நூலைக் கோக்கிற லூப்பர் என்ற சின்ன உறுப்பு உடைந்துபோனது. காதர்பேட்டைக் கடைத்தெருவில் அந்நேரத்துக்கு ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. எதிர் பேக்கரியில் போய் உட்கார்ந்தேன். “ஏந்தம்பி, மூஞ்சி இப்படித் தொங்குது?” என்றார் பேக்கரி அண்ணன். சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே பக்கத்தில் கையைக் காட்டினார். தினமும் என்னோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்கிற பெரியவர். ஆறு மாதமாக அவர் பேரைக்கூட நான் கேட்டதில்லை. அவர் மெஷின் மெக்கானிக்! வெற்றிலை டப்பாவைத் திறந்தார். சுண்ணாம்புக்குப் பக்கத்தில் இரண்டு லூப்பர். “ஆறு மாசமா பன்னு திங்கிறே, என்ன தொழில்னு ஒரு நாள் வாயத் தொறந்தயா கண்ணு?” விடிய விடிய ஓட்டினோம். செக்கிங் அக்கா, டெம்போக்காரர் எல்லோரும் பிறகு அவர் மூலமாகக் கிடைத்தவர்கள்தான். தனிமரம் தோப்பாகாது என்றேனே, என் தோப்பு அந்த பெஞ்சில் முளைத்தது.

கைதட்டாதீர்கள், கதை முடியவில்லை. அந்த மூவாயிரம் பீஸுக்கு எனக்குப் பணம் வர ஏழு மாதம் ஆனது. யார் கம்பெனி என்று கேட்காதீர்கள். மெக்கானிக் கூலியை என்னால் கொடுக்க முடியவில்லை. அவர் கேட்கவே இல்லை. நான்தான் அந்த பேக்கரி வழியாகப் போவதை விட்டுவிட்டு வேறு சந்தில் சுற்றிப் போனேன். எப்படிப் பழகுவது என்பதற்கு இதுதான் பதில். விசிட்டிங் கார்டு ஆயிரம் அச்சடிக்கலாங்க. பாக்கி நின்றால் பழக்கம் அறுந்துபோகும். நேரத்துக்கு வரும் பணந்தான் தோப்புக்குத் தண்ணீர்.

அதனால்தான் போகிற மேடையெல்லாம் 45 நாளைப் பற்றியே பேசுகிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரியிலும் பிடி போட்டார்கள்: கெடு தாண்டிய பாக்கியை, வேலை வாங்கிய கம்பெனி கொடுத்த பிறகுதான் தன் செலவாகக் காட்ட முடியும். “கேட்டால் அடுத்த ஆர்டர் வராதுங்களே” என்பீர்கள். தனியாகக் கேட்டால் வராது. இருபது பேர் சேர்ந்து கேட்டால் எத்தனை பேரை ஒதுக்குவார்கள்? தனிமரம் தோப்பாகாது!

நேரமாகிவிட்டதென்று முதல்வர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். ஆதார், பான் கொண்டுவந்தவர்கள் உத்யம் என்கிற, குறு, சிறு, நடுத்தரத் தொழிலுக்கான அரசுப் பதிவை இன்றே முடித்துக்கொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. டீ அதே பேக்கரியில் இருந்து வந்திருக்கிறது. பில்லை முன்னாலேயே கொடுத்துவிட்டேன்.